ஏழு காட்டிய தண்ணீர்

கெட்ட தண்ணீர் என்று தெரிந்தே ஒரு பெண்மணியிடம் நல்ல தண்ணீர் என்று சொன்னேன். அவர் அதை நம்பி எலுமிச்சை வைத்தார். மரங்கள் செத்தன. நிலமும் கெட்டது. அப்படிச் சொல் என்று என்னை யாரும் வற்புறுத்தவில்லை. முதலாளி அன்று ஊரிலேயே இல்லை. நானாகத்தான் சொன்னேன்.

நான் வேதியியல் படித்தவன். திருப்பூருக்கு வெளியே ஒரு சாயப்பட்டறையில் இருபது வருடங்களுக்கு மேல் ஆய்வகத்தைப் பார்த்துக்கொண்டேன். பட்டறையை ஒட்டி ஒரு பள்ளம் போகும். ஓடையை எங்கள் பக்கத்தில் பள்ளம் என்றுதான் சொல்வோம். பட்டறைத் தண்ணீர் அதில் விழுந்து நொய்யலுக்குப் போய்ச் சேரும். அது போகும் வழியில் முதல் தோட்டம் அந்த அம்மாவுடையது. நாலு ஏக்கர். கணவர் போன பிறகு அவரே பண்ணயம் பார்த்தார். மானாவாரியாகச் சோளம், கொள்ளு, ஒரு மாடு. அவ்வளவுதான்.

ஒரு நாள் காலையில் ஊறுகாய் பாட்டில் ஒன்றில் தண்ணீரோடு ஆய்வகத்துக்கு வந்தார்.

"ஏனுங்க சார், இந்தக் கெணத்துத் தண்ணிய ஒருக்கா பாத்துச் சொல்லுங்க. பருப்பு வேகவே மாட்டேங்குது. வெறகு எரிஞ்சு தீந்து போகுது, பருப்பு கல்லாட்டம் கெடக்குது."

"எப்ப இருந்துங்க?"

"ரெண்டு வருசமா இருக்குமுங்க. சோப்புப் போட்டா நொரையும் வர்றதில்லீங்க. எம்பட மாப்பிள்ளை எலுமிச்சை வெக்கலாம்ங்கறாரு. தண்ணி நல்லா இருந்தா வெச்சுப்போடலாம், இல்லீன்னா சோளமே போதும். நீங்க படிச்சவங்க. நீங்க சொன்னாச் சரி."

மேசையில் இரண்டு கருவிகள் இருந்தன. ஒன்று, அமிலமா காரமா என்று காட்டும் தாள். இன்னொன்று, தண்ணீரில் எவ்வளவு உப்பு கரைந்திருக்கிறது என்று காட்டும் மீட்டர். மீட்டரின் மேல் தூசி படாமல் இருக்க ஒரு துணி கிடக்கும். அன்று அந்தத் துணியை இன்னும் கொஞ்சம் இழுத்து விட்டேன். தாளை மட்டும் கிழித்து, அவர் பாட்டிலில் நனைத்து, வண்ண அட்டைக்குப் பக்கத்தில் வைத்துக் காட்டினேன்.

"பாருங்க, ஏழு. அமிலமும் இல்லீங்க, காரமும் இல்லீங்க. தண்ணி நடுநிலையா இருக்குது."

"அப்ப கன்னு வெக்கலாமுங்களா?"

"தாராளமா வெய்யுங்க."

அந்தத் தாள் பொய் சொல்லவில்லை. நான்தான் சொன்னேன். அது எப்படி என்று விளக்க வேண்டும்.

பருத்தித் துணி தண்ணீரில் நனைந்ததும் அதன் மேல் எதிர்மின் தன்மை வரும். நாங்கள் பயன்படுத்தும் சாயமும் எதிர்மின் தன்மை உள்ளது. இரண்டும் ஒன்றையொன்று தள்ளும். இந்த விலக்கத்தை அடக்க உப்பைக் கொட்ட வேண்டும். உப்பு தண்ணீரில் விழுந்தவுடன் அயனிகளாகப் பிரிகிறது; நேர்மின் கொண்ட சோடியம் அயனிகள் துணியைச் சூழ்ந்துகொண்டு சாயத்துக்கு வழி விடுகின்றன. பிறகு சலவைச் சோடா போட்டால் சாயம் துணியோடு இணைகிறது. வேலை முடிந்தால் சாயம் பெரும்பாலும் துணியில் இருக்கும். உப்பு ஒரு சிட்டிகைகூடத் துணியில் தங்காது. மூட்டை மூட்டையாகப் போட்ட அத்தனையும் கழிவு நீரோடு வெளியே வந்துவிடும்.

சோடா கலந்த அந்தக் கழிவு நீர் கடுமையான காரம். அதை அப்படியே பள்ளத்தில் விட முடியாது. எனவே தொட்டியில் அமிலம் ஊற்றிச் சமன் செய்வோம். அமிலமும் காரமும் மோதினால் என்ன மிஞ்சும் என்று பள்ளிக்கூடத்திலேயே படிக்கிறோம். உப்பும் நீரும். அதாவது, தாளில் ஏழைக் கொண்டுவர நான் ஊற்றிய ஒவ்வொரு கேன் அமிலமும் தண்ணீரில் உப்பை இன்னும் கூட்டியது. தாளுக்கு அது தெரியாது. அது பார்ப்பது ஹைட்ரஜன் அயனியை மட்டும். சோடியம் ஆயிரம் மடங்கு இருந்தாலும் அதற்குக் கவலை இல்லை.

பட்டறையில் தொட்டிக்காரர் "சார், ஏழு வந்துருச்சு!" என்று கத்துவார். நான் கையை ஆட்டுவேன். மதகு திறக்கும். நாளாக நாளாக ஏழு என்றால் எல்லாம் சரி என்று அர்த்தமாகிவிட்டது. மகள் கல்யாணத்துக்கு மாப்பிள்ளை பார்த்துவிட்டு வந்த ஒரு பாய்லர்காரர், "பையன் எப்படிங்க?" என்று கேட்டதற்கு, "ஏழுங்க, ஒரு வம்பும் இல்ல" என்றார். எல்லோரும் சிரித்தோம். நானும் சிரித்தேன்.

அந்த அம்மாவின் அடுப்பு உண்மையைச் சொல்லியிருந்தது. பள்ளத்தின் தண்ணீர் மண்ணில் இறங்கும்போது அதிலுள்ள சோடியம் களிமண்ணோடு ஒட்டிக்கொண்டு, அங்கே ஏற்கனவே இருந்த கால்சியத்தைத் தள்ளிவிடும். தள்ளப்பட்ட கால்சியம் கிணற்றுக்குப் போகும். கால்சியம் மிகுந்த தண்ணீரில் பருப்பு வேகாது, சோப்பு நுரைக்காது. பருப்பு வேகவில்லை என்று அவர் சொன்ன கணத்திலேயே கிணற்றுக்கு என்ன ஆயிற்று என்று எனக்குத் தெரிந்துவிட்டது. அடுத்து மண்ணுக்கு என்ன ஆகும் என்பதும் தெரிந்தது. உண்மையைச் சொன்னால் அது எங்கிருந்து வந்தது என்று கேட்பார். பிறகு ஊரே கேட்கும். எனக்கு வேலை முக்கியமாக இருந்தது. இதற்கு மேல் காரணம் எதுவும் இல்லை.

இரண்டு வருடம் கழித்து மறுபடியும் வந்தார். கையில் ஒரு கொத்து எலுமிச்சை இலை. நுனியும் ஓரமும் தீய்ந்து பழுப்பாக இருந்தன. உப்பிலுள்ள குளோரைடு ஏறினால் எலுமிச்சை இப்படித்தான் காட்டும். சாம்பல் சத்துக் குறைந்தாலும் கிட்டத்தட்ட இப்படியே இருக்கும். நான் அந்த இரண்டாவதைப் பிடித்துக்கொண்டேன்.

"சாம்பல் சத்து பத்தலீங்க. பொட்டாஷ் வாங்கிப் போடுங்க."

கடையில் கிடைக்கும் சாதாரண பொட்டாஷ் உரம் என்பது பொட்டாசியம் குளோரைடு. அதுவும் ஓர் உப்புதான். குளோரைடால் செத்துக்கொண்டிருந்த மரத்துக்கு இன்னும் குளோரைடு கொடுக்கச் சொன்னேன்.  இரண்டு பொய்களில் இதுதான் பெரியது. விட்டுவிட்டால் இந்த வாக்குமூலம் பாதிதான்.

பிறகு சட்டம் இறுகியது. பட்டறைகள் மூடின, மறுபடி திறந்தபோது ஒரு சொட்டுத் தண்ணீர்கூட வெளியே விடக் கூடாது என்றாயிற்று. இப்போது கழிவு நீரை வடிகட்டி, காய்ச்சி, உப்பைத் தனியே பிரித்து, தண்ணீரைத் திரும்பவும் சாயத்துக்கே எடுத்துக்கொள்கிறார்கள். அந்த இயந்திரங்கள் வந்த சில வருடங்களில் நான் ஓய்வு பெற்று வேலம்பாளையத்தில் மகன் வீட்டோடு இருந்துவிட்டேன். அந்தத் தோட்டத்து வழியாகப் போகும் பேருந்தில் ஏறுவதைத் தவிர்த்தேன். ஒரு முறை தவிர்க்க முடியவில்லை. வெட்டிய எலுமிச்சைக் கட்டைகள் வேலியோரம் அடுக்கியிருந்தன. நிலத்தின் மேல் சுண்ணாம்பு தெளித்த மாதிரி வெள்ளை பூத்திருந்தது.

போன வருடம் எனக்கு உடம்பு கெட்டது. பேச்சு குளறியது, கால் தள்ளாடியது. ஆஸ்பத்திரியில் ரத்தம் எடுத்தார்கள். சிறிது நேரத்தில் ஆய்வகத்திலிருந்து ஒரு இளம்பெண் என் கட்டிலுக்கே வந்தாள்.

"சாமி, உங்க சோடியம் ரொம்பக் கம்மியாக் காட்டுதுங்க. மெசின் மேல எனக்குச் சந்தேகமா இருக்குது. இன்னொருக்கா ரத்தம் எடுத்துக்கட்டுங்களா? ரெண்டாந்தரம் குத்தறதுக்குக் கோவிச்சுக்காதீங்க."

இரண்டாம் முறையும் அதே எண்தான் வந்தது. அது சரியான எண். அந்தப் பெண் அதற்காக மாடி ஏறி வந்திருக்க வேண்டியதில்லை. முதல் முடிவையே அனுப்பியிருக்கலாம். யார் கேட்கப் போகிறார்கள்? அவள் போன பிறகு சுவரைப் பார்த்துத் திரும்பிப் படுத்துக்கொண்டேன். நான் இருபது வருடம் பார்த்ததும் அவள் பார்க்கும் அதே ஆய்வக வேலைதான்.

நடக்க முடிந்ததும் அந்தத் தோட்டத்துக்குப் போனேன். அந்த அம்மாவுக்கு என்னைவிட வயது அதிகம். மாட்டுக்குத் தீவனம் வைத்துக்கொண்டிருந்தார். தோட்டத்தின் ஓரமாக வரிசை வீடுகள் கட்டி, பனியன் கம்பெனி ஆட்களுக்கு வாடகைக்கு விட்டிருந்தார். நிலம் சும்மா கிடந்தது.

"டையிங் பட்டறையில இருந்த சாருங்களா? எளச்சுப் போயிட்டீங்களே! வாங்க, உக்காருங்க. மோரு குடிக்கறீங்களா?"

"ஒண்ணு சொல்லோணுமுங்க. அதக் கேட்டுட்டு மோர் குடுக்கறதா வேண்டாமான்னு நீங்களே முடிவு பண்ணிக்குங்க."

சொன்னேன். தாள், மீட்டர், துணி, பொட்டாஷ் எல்லாவற்றையும்.  முடிந்ததும் இரண்டே கேள்வி கேட்டார்.

"தெரியாமச் சொன்னீங்களா, தெரிஞ்சு சொன்னீங்களா?"

"தெரிஞ்சுதானுங்க."

"அந்தப் பொட்டாஷு?"

"அதும் தெரிஞ்சுதானுங்க."

தீவனக் கூடையைக் கீழே வைத்தார். 

"நானு இத்தன வருசமா எம்பட மாப்பிள்ளையத்தான் திட்டிட்டிருந்தனுங்க. தண்ணி கட்டத் தெரியாமக் கன்னைக் கெடுத்துட்டாரு, உரத்த அள்ளிக் கொட்டி நெலத்தச் சுட்டுட்டாருன்னு. ஊரு முன்னால சொன்னேன். பேச்சு நின்னு போச்சுங்க. தீவாளி, நோம்பின்னு மக வந்தா அவரு வாசல்ல வண்டியிலயே உக்காந்திருப்பாரு. ஊட்டுக்குள்ள கால் வெக்க மாட்டாரு."

இது எனக்குத் தெரியாது. மரமும் மண்ணும் மட்டும்தான் என் கணக்கில் இருந்தன.

அவர் உள்ளே போய்க் கைபேசியை எடுத்து வந்தார். எண்ணைப் போட்டு என் கையில் கொடுத்தார். "எனக்குச் சொன்னத அப்படியே அவருகிட்டச் சொல்லுங்க."

மாப்பிள்ளை உடுமலைப்பேட்டையில் தென்னந்தோப்பு பார்த்துக்கொண்டிருந்தார். பக்கத்துக் காற்றாலை சுற்றும் சத்தம் பேச்சினூடே கேட்டது. நான் சொல்லி முடித்தேன். 

"ஏனுங்க, இத எழுதிக் குடுப்பீங்களா?"

"குடுக்கறேனுங்க."

"எழுத்தெல்லாம் வேண்டாம். அத்தை பக்கத்துல இருக்காங்களா?"

"இருக்காங்க."

"அவங்க கேட்டாங்கல்லங்க? அது போதும்." வைத்துவிட்டார்.

அன்று மோர் வரவில்லை. நான் எழுந்தபோது அம்மா கேட்டார்: "மன்னாப்புக் கேட்டுட்டுப் போறதுக்கு வந்தீங்களா, இல்ல இந்த நெலத்துக்கு ஏதாச்சும் பண்ண முடியுமான்னு பாக்க வந்தீங்களா?"

"பண்ண முடியுமுங்க. நேரமாகும். முழுசா வருமான்னு சொல்ல முடியாது."

"முழுசா வரும்னு சொல்லியிருந்தீங்கன்னா வெரட்டியிருப்பேன்."

நான்கு நாள் கழித்து ஜிப்சம் ஒரு பையும் இரண்டு கண்ணாடி டம்ளரும் எடுத்துப் போனேன். வாசலில் ஒரு வண்டி நின்றது. மாப்பிள்ளை வீட்டுக்குள் போகாமல் வாசல் திண்ணையில் உட்கார்ந்திருந்தார். ஆனால் வண்டியை விட்டு இறங்கியிருந்தார். அத்தையும் அவரும் இன்னும் நேரடியாகப் பேசிக்கொள்ளவில்லை. என்னை வைத்துக்கொண்டு பேசினார்கள்.

ஜிப்சம் என்பது கால்சியமும் சல்பேட்டும் சேர்ந்தது. நிலத்து மண்ணை டம்ளரில் போட்டு மழைத் தண்ணீர் ஊற்றிக் கலக்கினால் நாள் முழுக்கக் கலங்கியே நிற்கும். சோடியம் ஒட்டிய களிமண் துகள்கள் ஒன்றையொன்று தள்ளுவதால் அடியில் இறங்காது. ஜிப்சம் போட்டால் தெளிய வேண்டும். இதைக் காட்டலாம் என்று குனிந்தேன்.

"சார், அக்கட்டால தள்ளி உக்காருங்க," என்றார் அம்மா. "நீங்க காட்டறத நான் ஒருக்கா பாத்தாச்சு. இத நானே பண்ணிப் பாக்கறேன்."

அவரே மண் அள்ளினார். அவரே வாசல் தொட்டியிலிருந்து மழைத் தண்ணீர் மொண்டார். ஒரு டம்ளரில் மட்டும் ஒரு கரண்டி ஜிப்சம் போட்டார். இரண்டையும் ஒரே எண்ணிக்கையில் கலக்கினார். பிறகு யாரும் தொடக் கூடாது என்று சொல்லிவிட்டு எதிரே உட்கார்ந்தார். ஒரு மணி நேரத்தில் ஒன்றில் மண் அடியில் இறங்கி, மேலே தண்ணீர் தெளிந்து நின்றது. இன்னொன்று டீ மாதிரியே இருந்தது.

"சோடியத்துக்கு ஒரு கைதானுங்க," என்றேன். "கால்சியத்துக்கு ரெண்டு கை. ரெண்டு பக்கமும் மண்ணப் புடிச்சுக்கும்."

"அப்ப மண்ணு கையக் கோத்துட்டு உக்காந்துக்குதுன்னு சொல்லுங்க," என்றார் மாப்பிள்ளை. அன்று அவராகப் பேச்சில் கலந்துகொண்டது அப்போதுதான். அம்மா டம்ளரையே பார்த்தபடி, "ம்" என்றார்.

என் சொல்லை நம்ப வேண்டாம் என்று மண்ணையும் கிணற்றுத் தண்ணீரையும் அரசு ஆய்வகத்துக்கும் அனுப்ப வைத்தேன். ஆய்வு முடிவு வந்தது. மண்ணில் சோடியம் அதிகம். ஜிப்சம் இட்டு, நல்ல தண்ணீர் தேக்கி, வடிக்கவும் என்று இருந்தது. கிணற்றில் மட்டும் ஒரு நல்ல செய்தி. பள்ளத்தில் கழிவு விழுவது நின்று இத்தனை மழை பார்த்துவிட்டதால் உப்பு நான் பயந்த அளவில் பாதிகூட இல்லை. ஆனால் களிமண்ணில் ஒட்டிய சோடியம் தானாகப் போகாது. கால்சியம் வந்து அதைத் தள்ள வேண்டும், பிறகு மழை அதைக் கழுவ வேண்டும்.

கழுவ வேண்டுமென்றால் தண்ணீர் சமமாக நிற்க வேண்டும். எங்களுக்கு அது வரவில்லை. வரப்புப் போட்டுத் தண்ணீர் விட்டால் ஒரு மூலையில் குளம், இன்னொரு மூலையில் காய்ந்த மண். வரிசை வீட்டில் குடியிருந்த ஒரு பெண் ஞாயிற்றுக்கிழமை துணி காயப்போட வந்தவர் நின்று வேடிக்கை பார்த்தார். பனியன் கம்பெனியில் செக்கிங் வேலை. தூத்துக்குடிப் பக்கம், உப்பளத்தில் வேலை செய்த குடும்பம்.

"ஏ யம்மா, எங்க ஊர்ல கடல் தண்ணிய எறச்சு, பாத்தி கட்டி, வெயில்ல கெடந்து சாவோம். உங்களுக்கு ஒண்ணுஞ் செய்யாமலே உப்பு வெளஞ்சு கெடக்கே! குடுத்து வச்சவுக!"

"நக்கலு உனக்கு. இரு கண்ணு, உங்கூட்டுக் கொழம்புக்கு இதையே அள்ளிப் போடறேன்," என்றார் அம்மா.

அந்தப் பெண் சிரித்துக்கொண்டே இறங்கி வந்து மம்பட்டியை வாங்கினார். "இப்பிடிப் பெரிய பாத்தியாப் போட்டா எப்பிடி சார் மட்டம் நிக்கும்? சின்னச் சின்னதா வெட்டணும். ஒரு மூலை காஞ்சுதுன்னா அங்கதான் உப்பு மேல ஏறும். எங்களுக்கு ஏறணும், அதுக்கு ஒரு மாதிரி கட்டுவோம். உங்களுக்கு எறங்கணும். மட்டம் ஒண்ணுதான்."

அவர் செருப்பைக் கழற்றிவிட்டுப் பாத்திக்குள் நடந்து, மேடு பள்ளத்தைக் காலாலேயே கண்டுபிடித்தார். உப்பை விளைவிக்கும் வேலை தெரிந்தவர்தான் உப்பைக் கழுவும் வேலையைக் கற்றுத்தந்தார். ஒரு ஏக்கரை முதலில் எடுத்தோம். மாப்பிள்ளை வாரம் ஒருமுறை வந்து கீழ்ப்பக்கம் வடிகால் வெட்டினார். நான் ஜிப்சம் தூவினேன். என்னால் முடிந்த வேலை அதுதான்.

ஐப்பசியில் நல்ல மழை. முன்பெல்லாம் மழை பெய்தால் அந்த நிலத்தில் தண்ணீர் நாள்கணக்கில் கலங்கி நின்று, காய்ந்ததும் ஓடு மாதிரி வெடிக்கும். இந்த முறை பாத்தியில் நின்ற தண்ணீர் மறுநாள் மத்தியானத்துக்குள் உள்ளே இறங்கிவிட்டது. வடிகாலில் வந்த தண்ணீரில் நான் சொந்தமாக வாங்கிய மீட்டரை விட்டேன், எண் எகிறியது. அம்மா எட்டிப் பார்த்து, "அத்தனையுமா உள்ள இருந்துது?" என்றார். அந்த உப்பு எங்கும் மாயமாகவில்லை. வெள்ளத்தோடு கலந்து கீழே போனது. இதில் எனக்கு முழு நிம்மதி இல்லை. கழுவுவது என்றாலே யார் பக்கமாவது தள்ளுவதுதான் என்பதைப் பட்டறையிலேயே கற்றுக்கொண்டவன் நான்.

உரத்துக்காகத் தக்கைப்பூண்டு விதைத்து மடக்கி உழுதார்கள். அதற்குப் பிறகு, இந்த வருடம், சோளம். பாத்திகளில் முக்கால்வாசி முளைத்தது. மேற்கு ஓரத்தில் நான்கு பாத்தி மொட்டையாகவே இருக்கிறது. முளைத்தவையும் ஒரே சீராக இல்லை. சில இடத்தில் இடுப்பளவு, சில இடத்தில் முழங்கால். ஆனாலும் அந்த நிலத்தில் பச்சை தெரிந்து எத்தனையோ வருடம் ஆகிவிட்டது. அக்கம்பக்கத்துத் தோட்டக்காரர்கள் பாட்டிலில் தண்ணீர் கொண்டுவந்து என்னிடம் கேட்கிறார்கள். இரண்டு சோதனையும் செய்து எண்ணைச் சொல்கிறேன். அதற்கு முன்னால் நான் யார், என்ன செய்தேன் என்பதையும் சொல்லிவிடுகிறேன். ஒருவர் பாட்டிலைப் பிடுங்கிக்கொண்டு, "உன்ற மூஞ்சியில முழிக்கறதே பாவம்" என்று போய்விட்டார். அவர் சொன்னது தப்பில்லை.

அம்மா என்னை மன்னித்துவிட்டாரா என்று நான் கேட்கவில்லை. அவரும் சொல்லவில்லை.

போன ஞாயிற்றுக்கிழமை போனபோது தூரத்திலிருந்தே சத்தம் கேட்டது. அத்தையும் மாப்பிள்ளையும் சோளக்காட்டின் நடுவே நின்று வாக்குவாதம்.

"தண்ணி பாயற வாமடைய அத்தன அகலமா வெட்டுனா தண்ணி அறுத்துட்டுத்தான் போகும். ஒருக்கா சொன்னாப் புரியாதா?"

"ஏனுங்க அத்தை, இருவது வருசமாத் தோப்புக்குத் தண்ணி கட்டறவனுக்கு நீங்க சொல்லித் தர்றீங்களாக்கு?"

"தென்ன மரம் ஊமைங்க மாப்பிள்ளை, அது சொல்லாது. நான் சொல்லுவேன்."

மாப்பிள்ளை சிரித்துவிட்டார். அம்மா சிரிக்கவில்லை, ஆனால் மம்பட்டியை அவர் கையில் கொடுத்துவிட்டு, வரப்பில் நின்ற என்னைப் பார்த்தார்.

"என்னங்க சார், வேடிக்கையா? மேக்கால நாலு பாத்தி மொட்டையாக் கெடக்குது. அடுத்த மழைக்குள்ள ஜிப்சம் போட்டாகோணும். எறங்குங்க."

செருப்பைக் கழற்றிவிட்டு இறங்கினேன்.